கடைசிக் காட்சி இல்லாத கேசட்டுகள்

அவருடைய வேனில் ஓடிய எந்தப் படத்திலும் யாரும் சாகவில்லை. வில்லன்கூடச் சாக மாட்டான். கதாநாயகன் கத்தியை ஓங்குவான், திரையில் சாம்பல் நிறப் புள்ளிகள் கொட்டும், அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "அவ்ளோதாங்க, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு" என்பார். முதல் தடவை கேசட் பழுது என்று நினைத்தேன். இரண்டாம் தடவை கேசட்டை ஓட்டும் டெக் பழுது என்று நினைத்தேன். மூன்றாம் தடவை ஆளே பழுது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்கள் வீடு. அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. மூன்று கிழமைக்கு, இருபத்தொரு நாளுக்கு, ஒரு தடவை கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸில் அவளால் உட்கார முடியாது. தோட்டத்து லொறியில் கொழுந்துச் சாக்குகளோடு கிடத்திக் கொண்டுபோக எனக்கு மனமில்லை. அப்போதுதான் லயத்தில் ஒருவர் இந்த வேன்காரரைச் சொன்னார்: "படுத்துக்கிட்டே போகலாம், படமும் பாக்கலாம்." படம் பார்க்கிற நிலைமையிலா இருக்கிறோம் என்று எரிச்சலோடுதான் சம்மதித்தேன்.

வேனுக்குள் பின் சீட்டுகள் கிடையாது. ஒரு பக்கம் நீளமாகப் பலகை அடித்து மெத்தை போட்டிருந்தார். மறுபக்கம் மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்க் கேன், துணிமூட்டை, ஒரு சின்ன முருகன் படம். அவரும் அவர் மனைவியும் ஐந்து வயது மகளும் அதற்குள்தான் குடியிருந்தார்கள். ரோட்டோரமோ கோயில் பக்கமோ, எங்கே விரட்டாமல் விடுகிறார்களோ அங்கே நிறுத்திச் சமைப்பார்கள். ஊர் சுற்றுகிற ஆசை பிடித்த குடும்பம் என்று முதலில் நினைத்தேன். போக வேறு வீடு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த டீவியை அவர் அமைத்திருந்த விதத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. மலைகளுக்கு நடுவே எந்த அலைவரிசையும் ஒழுங்காக எடுக்காது, ஓடுகிற வண்டியில் கேட்கவே வேண்டாம். அதனால் அன்டெனாவை மறந்துவிட்டு எல்லாவற்றையும் கேசட்டில் வைத்திருந்தார். மெத்தைக்கு அடியில் ஒரு லொறி பேட்டரி. அதிலிருந்து மின்சாரம் எடுக்க, ஹட்டனில் ரேடியோ திருத்துகிறவர் செய்துகொடுத்த ஒரு பெட்டி. அதன் மேல் பதினாலு அங்குல டீவி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியது. டெக்கை மட்டும் எதன்மேலும் வைக்கவில்லை. சைக்கிள் டியூபை நீளநீளமாக அரிந்து நாலு மூலையிலும் கட்டி, கூரையிலிருந்து தொட்டில் மாதிரித் தொங்கவிட்டிருந்தார். கினிகத்தேனை வளைவுகளில் நாங்கள் எல்லோரும் உருண்டோம், படம் மட்டும் ஆடாமல் ஓடியது. டெக்கைத் துடைக்க ஒரு போத்தல் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் வைத்திருந்தார். அதே போத்தலில் இருந்துதான் அவர் மனைவி அம்மாவின் நெற்றியிலும் தடவிவிடுவார்.

கேசட்டுகளை ஹட்டனில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்து, அங்கேயே இரண்டு டெக்கை இணைத்துப் பிரதி எடுப்பாராம். கடைக்காரர் பக்கத்தில் இருந்து, "இந்தா, சாகப் போகுது" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் இவர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கிவிடுவார். ஆக, அறுபது எழுபது படம் வைத்திருந்த மனிதர் பல படங்களின் முடிவைத் தானே பார்த்ததில்லை. இதை அவர் மனைவி ரொட்டி தட்டிக்கொண்டே, புருஷனுக்குப் பாகற்காய் பிடிக்காது என்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார்.

அவர்கள் மகளும் அப்படியே வளர்ந்திருந்தாள். ஒருநாள் எங்கள் லயத்துக்கு வந்தவள் பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த வீட்டில், டீவி பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "அம்மா, அவங்க டீவி பழுதும்மா. அந்த அக்கா கீழ விழுந்துட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது." நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போய்விட்டார்.

அவிசாவளைக்குப் பக்கத்தில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. யுத்த காலம். தமிழ் ஆட்கள், வேனுக்குள் வயர்களும் பேட்டரியும் என்றால் சும்மா விடுவார்களா? எல்லோரையும் இறக்கினார்கள். அம்மாவால் இறங்க முடியாது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். அவர் பதறாமல் ஒரு சிங்களப் படக் கேசட்டை எடுத்துப் போட்டார். இதற்கென்றே வைத்திருந்தாராம். சின்ன வயதுச் சிப்பாய் ஒருவன் வாசலில் சாய்ந்து நின்று பார்க்க ஆரம்பித்தான். போகச் சொல்லிவிட்ட பிறகும், "அந்திமட்ட மொகத உனே?" என்று கேட்டான். கடைசியில் என்ன ஆச்சு என்கிறான். "ஒக்கோம ஹொந்தாய், மாத்தயா" என்றார் இவர். எல்லாம் நல்லபடி முடிந்தது ஐயா. சிப்பாய்க்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களில் நானும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். அம்மாவிடம், "அல்சர்தாம்மா, மருந்து எடுத்தா கரஞ்சிரும்" என்று சொல்லி வைத்திருந்தோம். எங்கள் பக்கம் அப்படித்தான். நோயின் பேரை நோயாளிக்குச் சொல்ல மாட்டோம், சொன்னால் மனம் விட்டுவிடும் என்பார்கள். ஆனால் சொல்லாமல் இருப்பதற்கு எங்களிடம் நேரம் இல்லை. தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்தவருக்குத்தான் லயத்தில் காம்பரா. அப்பா இறந்து ஐந்து வருடம். எங்கள் வீட்டில் பேர் இருந்தது அம்மாவுக்கு மட்டும். நான் நோர்வூட்டில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்தேன், அது தோட்ட வேலை அல்ல. தம்பிக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. எங்கள் தோட்டத்து வழக்கப்படி, அம்மா ஆபீசுக்குத் தானே போய், "எனக்கு இனி ஏலாது, என் மகனைப் பதியுங்க" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தால் பேர் அவனுக்கு வரும், காம்பராவும் நிற்கும். அதற்கு முன் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். பிறகு பானை சட்டியோடு ரோட்டுக்கு வரவேண்டியதுதான்.

அம்மாவோ, "குணமானதும் மறுபடி மலைக்குப் போகணும், புதுக் கூடை ஒண்ணு வாங்கணும்" என்று பேசிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்ப் பேரை மாற்று என்று எப்படிச் சொல்வேன்? செத்துப்போகிறாய் என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதானே. ஒவ்வொரு காலையும் இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று எழும்புவேன். ஒவ்வொரு மாலையும் சொல்லாமலே சோறு பிசைந்து ஊட்டுவேன். பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது.

மூன்றாவது பயணத்தில், வட்டவளையில் என்ஜின் சூடாகி வேனை நிறுத்தினார். அம்மா உள்ளே தூங்கினாள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"தங்கச்சி, அம்மா பேர மாத்தியாச்சுங்களா?"

"இல்லண்ணே."

"மாத்திருங்க. எங்கம்மாவுக்கும் இதேதான். வாயுன்னு சொல்லி வச்சிருந்தேன். கடைசில கொழுந்து லொறியிலதான் ஏத்திக்கிட்டுப் போனேன், நான் அப்ப அதுல கிளீனரு. வழியிலயே போயிருச்சு. மூணாவது கெழம காம்பராவுல வேற பூட்டு." வாளியைக் கவிழ்த்து வைத்தார். "நான் லொறியில நின்ன கிளீனருதான் தங்கச்சி, பேரு பதிஞ்ச ஆளு இல்ல. அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்து கையெழுத்து வச்சிருக்கும். ஒரு வார்த்த."

"அப்ப நீங்களே சொல்லுங்களேன் எங்கம்மாகிட்ட!" என்று கத்திவிட்டேன். "படத்துல சாகுறதையே பாக்க முடியாது உங்களால. எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டீங்க!"

அவர் ரேடியேட்டர் மூடியைத் திருகித் திருகி இறுக்கினார். அது எப்போதோ இறுகியிருந்தது.

அன்றைக்கு ஓடிய படம் ஒரு தையல்காரியைப் பற்றியது. புருஷன் இல்லாமல் ஒரே மகனை வளர்க்கிறாள். நடுவில் இருமல் வருகிறது, கைக்குட்டையில் ரத்தம். மகன் பள்ளியில் பரிசு வாங்குகிறான், அவள் கூட்டத்தில் நின்று கை தட்டுகிறாள், புள்ளிகள் கொட்டிவிட்டன. "அவ்ளோதாங்க, எல்லாம் நல்லபடியா..." என்று அவர் தொடங்கினார்.

"நிறுத்துங்க தம்பி" என்றாள் அம்மா. மெத்தையில் ஒருக்களித்துப் படுத்தபடி, மெதுவான குரலில். "அந்த ரத்தம் என்னாச்சு?"

"அது... சரியாயிருச்சும்மா."

"எப்புடி சரியாச்சு? எந்த டாக்டரு பாத்தாரு? நான் முப்பது வருசம் கொழுந்தெடுத்தவ தம்பி. தேயில வரிசையில பாதி நெற ஏறிட்டு மலை முடிஞ்சிருச்சுன்னு சொன்னா கங்காணி விடுவாரா? மிச்சத்தக் காட்டுங்க."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "அடுத்த தடவ கொண்டாரேம்மா" என்றார் கடைசியில்.

மூன்று கிழமை கழித்து வந்த பயணம்தான் கடைசி. கொழும்பில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி இவ்வளவு தூரம் இழுத்தடிக்க வேண்டாம், வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார். அம்மாவிடம் வந்து, "நல்லாயிருக்காம், இனி வரவே வேணாமாம்" என்று சிரித்தேன். என் வாழ்நாளில் அப்படியொரு சிரிப்பை நான் மறுபடி சிரித்ததில்லை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் திரும்பி வரும்போது கினிகத்தேனை தாண்டியதும் அம்மா கேட்டாள். "தம்பி, கேசட்டு?"

அவர் வேனை ஒரு வளைவுக்கு அப்பால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தினார். மதியம் இரண்டு மணி இருக்கும். கீழே பள்ளத்தில் மூடுபனி. டாஷ்போர்டைத் திறந்து ஒரு கேசட்டை எடுத்தார். கடையின் அசல் கேசட், முத்திரை ஒட்டியிருந்தது; பரிசு வாங்கும் இடம்வரை கடைக்காரரே ஓட்டிக் கொடுத்திருந்தாராம். அதை எனக்கு நீட்டினார்.

"எனக்குக் கை வராது தங்கச்சி. போடுறதுன்னா நீங்க போடுங்க. வேணான்னா வேணாம்."

பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அவர் மனைவி மட்டும் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டபடி உள்ளே இருந்தார். கேசட் என் மடியில் கிடந்தது. இரண்டரை வயதுக் குழந்தைக்குக்கூட அதை டெக்கில் தள்ளத் தெரியும். எனக்கு முடியவில்லை. அம்மா கையை நீட்டி என் மணிக்கட்டைத் தொட்டாள். "போடு ஆயி."

போட்டேன்.

பரிசளிப்பு விழாவுக்குப் பிறகும் படம் இருபது நிமிடம் ஓடியது. தையல்காரி மகனைக் கூப்பிட்டுத் தையல் மெஷினில் உட்கார வைக்கிறாள். ஊசியில் நூல் கோர்க்கக் காட்டிக் கொடுக்கிறாள். கடைச் சாவியை அவன் கையில் வைத்து விரல்களை மூடுகிறாள். பிறகு பாயில் படுக்கிறாள், எழுந்திருக்கவில்லை. மகன் அழுகிறான். தூக்கிக்கொண்டு போகிறார்கள். நான் படத்தைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தேன். அவள் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. சாவி கைமாறிய இடத்தில் மட்டும் தலையை ஆட்டினாள், வரிசை தவறாமல் நிறை பிடித்துக் கொழுந்தெடுக்கிறவளைப் பார்த்து ஆட்டுகிற மாதிரி.

"ஆபீசு எத்தன மணிக்கு மூடுவாங்க?" என்று கேட்டாள்.

"நாலரைக்கும்மா."

"சின்னவன் ரோட்டுக்கு வந்து நிப்பான்ல?"

"நிப்பாம்மா." அம்மாவை முதுகில் சுமந்து லயத்துக்கு ஏற்றுவதற்காகத் தம்பி எப்போதும் முச்சந்தியில் காத்திருப்பான்.

"அவனையும் ஏத்திக்கிட்டு நேரா ஆபீசுக்கு விடச் சொல்லு. எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? நீ சொல்லுவ சொல்லுவன்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்." அதற்கு மேல் பேச அவளுக்கு மூச்சு இல்லை. நான் அவள் மடியில் தலையைப் போட்டு அழுதேன். வலிக்கிற வயிறு என்பதுகூட நினைவில் இல்லை. அவள் விலக்கவில்லை.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன். அவர் வளைவின் ஓரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஒரு கையால் மகளின் காதைப் பொத்தியிருந்தார். அவர் மனைவி கூப்பிட்டதும் வந்து வாசலில் நின்றார், உள்ளே ஏறவில்லை.

"என்னாச்சுங்கம்மா?" என்று கேட்டார். குழந்தை கேட்கிற மாதிரி இருந்தது.

அம்மா அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். "பொழச்சிக்கிட்டா தம்பி. வண்டிய எடுங்க, நேரமாகுது."

அந்த மனிதர் அன்று ஓட்டிய மாதிரி அதற்கு முன் ஓட்டி நான் பார்த்ததில்லை. றொசல்லையில் ஒரு லொறி வழி விடவில்லை, ஹட்டனில் பஸ்கள் நெரிசல். ஒவ்வொரு இடத்திலும் நான் மணி பார்த்தேன். டியூபில் தொங்கிய டெக் இப்படியும் அப்படியும் ஆடியது. முச்சந்தியில் தம்பி ஓடுகிற வண்டியிலேயே ஏறினான். ஆபீஸ் வாசலுக்கு வந்தபோது பேரேடு எழுதும் கிளாக்கர் ஒரு ஜன்னலைச் சாத்திவிட்டு அடுத்ததில் கை வைத்திருந்தார். நான் கதவைத் திறப்பதற்குள் வேன்காரர் குதித்து ஓடினார். ஒரு செருப்பு படியிலேயே கழன்றது. தன் அம்மாவின் காம்பராவுக்கு வேறு பூட்டு விழுந்த நாளிலிருந்து எந்தத் தோட்டத்து ஆபீஸ் படியையும் மிதிக்காதவர் என்று அவர் மனைவி பிறகு சொன்னார்.

"ஐயா, ஒரு கையெழுத்துங்கய்யா. ஒண்ணே ஒண்ணு. மூடிராதீங்கய்யா."

"நாளைக்கு வாங்களேன்ப்பா."

"நாளைக்கு ஏலாதுங்கய்யா." இதைச் சொன்னது அம்மா. தம்பியின் முதுகில் இருந்தபடி சொன்னாள். கிளாக்கர் அவளைப் பார்த்தார், பிறகு எதுவும் கேட்காமல் புத்தகத்தை எடுத்தார். அம்மா தன் பேரை எழுத்துக் கூட்டி எழுதினாள். பக்கத்தில் தம்பியின் பேரை எழுதச் சொல்லி, எழுதிய பிறகு படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் இருந்தாள். அந்தக் காம்பராவில்தான் போனாள், அங்கேதான் இன்றும் தம்பி குடும்பம் இருக்கிறது.

சாவு வீட்டுக்கு வேன்காரர் வேனோடு வந்து, ஆட்களை ஏற்றி இறக்கினார். உள்ளே மட்டும் வரவில்லை. எல்லாம் முடிந்து நான் முற்றத்துக்கு வந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். அம்மா அவரிடம் சொன்ன பொய்யை நான் காப்பாற்ற வேண்டுமா, உடைக்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே பேசினார்.

"கேசட்டத் திருப்பிக் குடுக்கணும்ல தங்கச்சி. கடைக்காரர் ஆரம்பத்துக்குப் பின்னால ஓட்டித்தான் கேப்பாரு. ஓட்டுறப்ப டீவிய அணைக்க மறந்துட்டேன், படம் தலைகீழா ஓடுனதப் பாத்துட்டேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"தூக்கிட்டுப் போனவங்க பின்னாலயே நடந்து கொண்டாந்து கெடத்துறாங்க. பய கண்ணுல தண்ணி மேல ஏறிருது. அப்புறம் அந்தம்மா பாயிலருந்து எந்திரிச்சு ஒக்காருது தங்கச்சி. எந்திரிச்சு, மெஷின்கிட்ட போவுது." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மா சொன்னது சரிதான். பொழச்சிக்கிச்சு."